முழுதாக வெளியே வந்த கட்டி

கர்ப்பப்பையில் லியோமயோசர்கோமா என்ற தசைப் புற்றுநோய் வந்த ஒரு பெண் எத்தனை ஆண்டு வாழ்வார் என்பதை எவையெல்லாம் தீர்மானிக்கின்றன? மருத்துவ இதழ்களில் இதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் 2012-இல் அதிலிருந்து ஏழு காரணிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் ஐந்தாண்டு உயிர்வாழும் வாய்ப்பைக் கணக்கிட ஓர் அளவுகோலை வரைந்தது. வயது, கட்டியின் அளவு, அதன் தரம் (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது), செல்கள் பிரியும் வேகம், கர்ப்பப்பை வாய் வரை வந்துவிட்டதா, அக்கம்பக்கத்தில் பரவியதா, தொலைவில் பரவியதா. படித்து முடித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. இந்த ஏழில் ஒன்றுகூட யாருடைய கையிலும் இல்லை. நோயாளி மருத்துவர் முன்னால் வந்து உட்காரும்போதே எல்லாம் எழுதி முடிந்துவிட்டது. மனிதக் கை தொடக்கூடிய காரணி அந்த ஏழுக்கு வெளியே நிற்கிறது: கட்டி வயிற்றிலிருந்து முழுதாக வெளியே வந்ததா, துண்டு துண்டாக வந்ததா?

என் சித்தியின் கட்டி முழுதாக வந்தது. பல நாள் வரை அதற்காக அவர் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது, மாதவிலக்கு நின்றுபோன பிறகும் வளர்ந்துகொண்டிருந்த கட்டி. பாளையங்கோட்டையில் வயதான பெண் மருத்துவர் ஒருவர் வயிற்றைத் திறந்துதான் எடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். "எதிர்வீட்டுக்காரி மூன்று துளையோடு மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு மட்டும் இப்படிக் கிழித்து வைத்திருக்கிறார்கள்" என்று தையலைக் காட்டிக் காட்டிச் சொல்வார். பயாப்ஸி அறிக்கை வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. நான் திசு ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் குடும்பத்தில் யாருக்கு எந்த அறிக்கை வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த ஊரில் வெட்டிய கர்ப்பப்பைகளில் பாதியாவது என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கும்.

அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெறும் ஃபைப்ராய்டு. கர்ப்பப்பையின் தசையில் வளரும் சாதாரணக் கட்டி. ஐம்பது வயதுக்குள் பத்தில் ஏழு, எட்டுப் பெண்களுக்காவது அது இருக்கும் என்று ஸ்கேன் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. பலருக்குத் தெரியவே தெரியாது. லியோமயோசர்கோமாவும் அதே மென்தசையில்தான் தோன்றுகிறது; ஆனால் சாதாரணக் கட்டி முற்றி இதுவாக மாறுவது என்பது மிக அரிது, பெரும்பாலும் இது தொடக்கத்திலிருந்தே தனிக் கட்டியாகத்தான் வருகிறது. கர்ப்பப்பை உடலில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். பிரச்சினை என்னவென்றால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதே அதிக இரத்தப்போக்கு, அதே வயிற்று பாரம், ஸ்கேனில் அதே உருண்டை. எம்.ஆர்.ஐ. சில நேரம் சந்தேகத்தைக் கிளப்பும், உறுதி செய்யாது. உள்வரிச் சவ்வைச் சுரண்டி எடுத்துப் பார்த்தாலும், நோய் தசைக்குள் இருப்பதால், பல நேரம் பிடிபடாது. ஆகவே பெரும்பாலான பெண்களுக்கு இது புற்றுநோய் என்று தெரியவருவது கர்ப்பப்பை ஏற்கெனவே வாளிக்குள் வந்த பிறகுதான்.

வாளிக்கு வந்த பிறகு நடப்பது எங்கள் பகுதி. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் கொஞ்சம் எழுதுகிறேன்.

லியோமயோசர்கோமா என்று முடிவுசெய்ய நோய்க்குறியியல் மருத்துவர்கள் மூன்றைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 1994-இல் வகுத்த முறை அது. செல்களின் உட்கரு கோணலாக, பெரிதாக, ஒன்றுக்கொன்று ஒப்பில்லாமல் இருக்கிறதா. கட்டியின் நடுவில் செல்கள் திடீரென்று செத்த பகுதி இருக்கிறதா. மைக்ராஸ்கோப்பின் உயர் உருப்பெருக்கத்தில் பத்துப் புலங்களில் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை. பத்துக்கு மேல் என்றால் கெட்ட அறிகுறி. மூன்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் பொதுவாகப் பெயர் எழுதிவிடுவார்கள். ஒன்று இருந்து மற்றொன்று பாதியாக இருந்தால் 'இன்ன தன்மை என்று சொல்ல முடியாத மென்தசைக் கட்டி' என்று ஒரு நடுப்பெயரும் உண்டு. அந்த நடுப்பெயர் வாங்கிய பெண்களின் அவஸ்தை தனி.

இந்த எண்ணிக்கை ஏதோ தராசில் நிறுத்த எடைபோலத் துல்லியமானது என்று வெளியில் நினைக்கிறார்கள். நினைக்கட்டும். வாளியில் விழுந்த கட்டி, திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் என்ற மருந்துக்குள் போக எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பொறுத்தே அது மாறும். பெரிய கட்டியை அறுக்காமல் அப்படியே ஊறவிட்டால் மருந்து நடுவரை போவதற்குள் உள்ளே செல்கள் அழுகத் தொடங்கிவிடும், பிரிந்துகொண்டிருந்தவை அடையாளம் தெரியாமல் போகும், எண்ணிக்கை குறையும். சனிக்கிழமை மாலை அறுத்த கட்டிகளுக்கு எப்போதும் கொஞ்சம் நல்ல அறிக்கை கிடைக்கிறதோ என்று எங்களுக்குள் ஒரு கசப்பான கேலி உண்டு. போதாததற்கு, 'ஒரு புலம்' என்பதே மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப் வேறு. ஒன்றின் வட்டம் இன்னொன்றைவிட இரண்டு மடங்கு பரப்புகூடக் காட்டும். அதனால்தான் இப்போது சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்று எழுதச் சொல்கிறார்கள். கட்டியிலிருந்து எத்தனை துண்டு எடுத்து மெழுகில் பதித்தோம் என்பதும் முக்கியம். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு என்பது நல்ல ஆய்வகத்தின் வழக்கம். இரண்டே துண்டு எடுத்து முடித்துக்கொள்ளும் இடங்களும் உண்டு.

சித்தியின் முதல் அறிக்கையில் பத்துப் புலங்களுக்குப் பதின்மூன்று என்று இருந்தது. மெழுகுக் கட்டிகளைக் கேட்டு வாங்கி, சர்கோமா எனப்படும் இந்த வகைப் புற்றுநோய்களை அதிகம் பார்க்கும் ஒருவருக்கு அனுப்பினோம். அவர் பத்தொன்பது என்று எழுதினார். நோயின் பெயர் மாறவில்லை. சிகிச்சையும் மாறவில்லை. ஆனால் அந்த நியூயார்க் அளவுகோலில் மதிப்பெண் மாறிவிட்டது. ஒரே பெண், ஒரே கட்டி.

நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற நிலை பற்றிய கணக்கு இதைவிட உறுதியானது. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து 1,396 பெண்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. ஐந்து ஆண்டு முடிவில் இந்த நோயால் இறக்காமல் இருந்தவர்கள் முதல் நிலையில் சுமார் 76 சதவீதம், இரண்டில் 60, மூன்றில் 45, நான்கில் 29. அதில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் முதல் நிலையில்தான் இருந்தார்கள். அதாவது கர்ப்பப்பையைத் தாண்டாத நிலை. வேறு பல புற்றுநோய்களில் முதல் நிலை என்றால் மூச்சு விட்டுக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. கர்ப்பப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே எடுத்தாலும் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்பி வருகிறது, பெரும்பாலும் நுரையீரலில். மற்ற புற்றுநோய்களைப்போல நெறிக்கட்டு வழியாக மெல்ல நடந்து போகாமல் இது இரத்தத்தில் ஏறிப் போய்விடுகிறது.

2009-இல் இதற்கென்று தனி நிலைப் பிரிவு வந்தது. அதுவரை கர்ப்பப்பை உள்வரிப் புற்றுநோய்க்கான பிரிவையே இதற்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிய பிரிவில் முதல் நிலையே இரண்டு: கட்டி 5 செ.மீ.க்குள் இருந்தால் 'ஏ', அதற்கு மேல் 'பி'. சித்தியுடையது 9 செ.மீ., ஆகவே 'பி'. பழைய ஆய்வுகளைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார்சினோசர்கோமா என்ற வேறொரு கர்ப்பப்பைப் புற்றுநோயையும் சர்கோமா என்றே எண்ணி இதனோடு சேர்த்துவிட்டார்கள். இன்று அதை உள்வரிப் புற்றுநோயின் கொடிய வடிவமாகத்தான் பார்க்கிறார்கள். இரண்டையும் கலந்து போட்ட சதவீதத்தை வைத்து ஒரு பெண்ணுக்கு எதையும் சொல்ல முடியாது.

அதே 2008 ஆய்வில் வயதும் கட்டியின் தரமும் காரணிகளாக வருகின்றன. கருப்பினப் பெண்களுக்கு முடிவு மோசம் என்றும் வருகிறது. அவர்களுக்கு இந்த நோய் வருவதே வெள்ளையர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. இனம் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் காப்பீடு, தூரம், தாமதம், யார் பேச்சை மருத்துவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்பதெல்லாம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். புள்ளிவிவரத்தில் அதற்கெல்லாம் தனித்தனிக் கட்டம் கிடையாது.

சித்தி எண்களைக் கேட்டார். நான் 76 என்று சொன்னேன். "அப்படியென்றால் எனக்கு நூற்றுக்கு எழுபத்தாறா?" என்றார். "இல்லை சித்தி, உங்களைப் போன்ற நூறு பேரை நிறுத்தினால் எழுபத்தாறு பேர். நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் இதைச் சொல்லி எனக்கு என்ன பயன்?" என்று கேட்டார். பயன் உண்டு என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அன்று அவருக்கு ஏற்ற பதில் என்னிடம் இல்லை.

இனி அந்த ஏழுக்கு வெளியே நிற்கும் காரணிக்கு வருகிறேன். இதை உலகம் பேசத் தொடங்கியது ஆமி ரீட் என்ற பெண்ணால்.

ஆமி ரீட் மயக்க மருந்து நிபுணர், அமெரிக்காவில் பாஸ்டனில் வேலை பார்த்தவர், ஆறு குழந்தைகளின் தாய். 2013 அக்டோபரில், நாற்பது வயதில், ஃபைப்ராய்டு என்று எண்ணிக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார். சாவித்துளை அறுவை. சிறு துளை வழியாகப் பெரிய கர்ப்பப்பை வெளியே வராது என்பதால் பவர் மார்சலேட்டர் என்ற கருவியை உள்ளே விட்டார்கள். குழாய் ஒன்றின் முனையில் சுழலும் கத்தி. திசுவைச் சீவிச் சீவிக் குழாய் வழியே இழுத்துக்கொள்ளும். அப்படிச் சீவும்போது துணுக்குகள் வயிற்றுக்குள் தெறிக்கும். சாதாரணக் கட்டி என்றால் பெரிய தீங்கில்லை. அவருடையது லியோமயோசர்கோமா. ஆய்வக அறிக்கை வந்தபோது, கர்ப்பப்பைக்குள் அடங்கியிருந்த நோய் நாற்றங்காலில் விதைநெல் தூவியதுபோல் வயிறெங்கும் இறைந்துவிட்டிருந்தது.

அவருடைய கணவர் ஹூமன் நூர்சஷ்ம் இதய அறுவை மருத்துவர். இருவருமே மருத்துவர்கள் என்பதால் என்ன நடந்தது என்பது அவர்களுக்கு உடனே புரிந்தது. அந்தக் கருவியைத் தடைசெய்ய வேண்டும் என்று போராடத் தொடங்கினார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014 ஏப்ரல் 17 அன்று எச்சரிக்கை வெளியிட்டது: ஃபைப்ராய்டுக்காக அறுவை செய்துகொள்ளும் பெண்களில் 350 பேருக்கு ஒருவரிடம் தெரியாமல் ஒளிந்திருக்கும் சர்கோமா இருக்கலாம், லியோமயோசர்கோமா மட்டும் என்றால் 498-க்கு ஒன்று. அதற்கு முன்னால் பல மருத்துவர்கள் நோயாளிகளிடம் பத்தாயிரத்தில் ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் அந்த ஏப்ரலில் விற்பனையை நிறுத்தியது, ஜூலையில் தன் கருவிகளைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது. நவம்பரில் எச்சரிக்கை இன்னும் கடுமையானது. ஆமி ரீட் 2017 மே 24 அன்று இறந்தார். வயது 44.

துண்டாக்கினால் ஆயுள் குறையும் என்பது வெறும் அனுமானமா என்று கேட்கலாம். ஆமி ரீடின் அறுவைக்கு இரண்டு ஆண்டு முன்பே, 2011-இல், தென் கொரியாவின் சியோலில் உள்ள ஆசான் மருத்துவ மையம் தன் நோயாளிகள் 56 பேரின் கணக்கை வெளியிட்டிருந்தது. எல்லோரும் ஆரம்ப நிலை லியோமயோசர்கோமா. கட்டி முழுதாக வந்தவர்கள் 31 பேர், துண்டாக வந்தவர்கள் 25 பேர். ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் முதல் குழுவில் 73 சதவீதம், இரண்டாம் குழுவில் 46. சிறிய ஆய்வுதான், பின்னோக்கிப் பார்த்ததுதான். ஆனாலும் இந்த இடைவெளி பெரியது. ஒரே நிலை, ஒரே நோய். வேறுபாடு கட்டி வந்த வழியில். இத்தனை பெரிய வித்தியாசத்தை எந்த மருந்தும் இந்த நோயில் இதுவரை ஆரம்ப நிலையில் காட்டியதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எச்சரிக்கைக்குப் பிறகு அமெரிக்க மருத்துவர்கள் பலர் மறுபடி வயிற்றைத் திறக்கத் தொடங்கினார்கள். மிச்சிகன் மாநிலத்தில் கணக்கெடுத்தபோது கர்ப்பப்பை அறுவைகளில் பெரிய சிக்கல்கள் 2.2 சதவீதத்திலிருந்து 2.8 ஆக உயர்ந்திருந்தன. நானூற்றுத் தொண்ணூறு சொச்சம் பேரில் ஒருவரைக் காப்பாற்ற மற்றவர்கள் எல்லோரும் பெரிய தையலைச் சுமக்க வேண்டுமா என்று சில மகப்பேறு மருத்துவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. 2017-இல் உணவு மற்றும் மருந்து நிர்வாகமே தன் மதிப்பீட்டை விரித்து, லியோமயோசர்கோமா 495-க்கு ஒன்று முதல் 1,100-க்கு ஒன்று வரை இருக்கலாம் என்றது. நடுவழியாக வந்தது பை: கர்ப்பப்பையை உள்ளேயே ஒரு பைக்குள் இட்டு, அதற்குள் துண்டாக்கி, பையோடு வெளியே இழுப்பது. 2020-இல் பை இல்லாமல் இந்தக் கருவியைப் பயன்படுத்தவே கூடாது என்றார்கள். பை கிழியாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

கட்டி வெளியே வந்த பிறகு செய்யக்கூடியவை பற்றி நீட்டாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல அதிகம் இல்லை. நெறிக்கட்டுகளை எடுப்பதால் பலனில்லை. அந்த 2008 ஆய்வில் எடுத்துப் பார்த்தவர்களில் ஏழு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே அங்கே நோய் இருந்தது. இளம் பெண்களுக்குச் சினைப்பையை விட்டுவைத்தாலும் ஆயுள் குறையவில்லை. கரண்ட் வைப்பது என்று நம் ஊரில் சொல்லும் கதிர் சிகிச்சையை ஐரோப்பாவில் பல வகைக் கர்ப்பப்பைச் சர்கோமா வந்த 224 பெண்களிடம் சோதித்தார்கள், ஆயுள் கூடவில்லை. கீமோ? கர்ப்பப்பைக்குள் அடங்கிய நோய்க்கு அறுவைக்குப் பின் கீமோ கொடுப்பதா, சும்மா கண்காணிப்பதா என்று தீர்க்க ஒரு பன்னாட்டு ஆய்வு தொடங்கியது. 216 பேர் தேவை. நான்கு ஆண்டு தேடியும் கிடைத்தவர்கள் 38 பேர். ஆய்வை மூடிவிட்டார்கள். அந்த 38 பேரில் கீமோ வாங்கியவர்கள் கூடுதலாக வாழவில்லை.

அந்த 38 என்ற எண் எனக்கு மறக்கவில்லை. நோய் அரிதாக இருப்பதே ஒரு காரணி என்பதை அது காட்டுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆயிரக்கணக்கானோரை வைத்துச் சோதிக்கலாம். இதற்கு, நாடுகள் சேர்ந்தாலும் ஒரு பள்ளி வகுப்பறை நிறையவில்லை. அரிய நோயை அடிக்கடி பார்க்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வது முக்கியம் என்பதைப் பிரான்ஸ் காட்டியிருக்கிறது. அங்கே சர்கோமாவுக்கென்று மருத்துவமனைகளின் வலையமைப்பு இருக்கிறது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சர்கோமா நோயாளிகளை வைத்து 2017-இல் வெளியான கணக்கில், சிகிச்சை தொடங்கும் முன்பே நிபுணர் குழுவின் முன் வந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. முன்பே என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

பரவிய நோய்க்கு நல்ல செய்தி வந்ததும் பிரான்சிலிருந்துதான். டாக்ஸோரூபிசின் என்ற பழைய மருந்தோடு டிராபெக்டெடினைச் சேர்த்து 150 பேரிடம் சோதித்தார்கள். கரீபியக் கடலில் அலையாத்தி மர வேர்களில் ஒட்டி வாழும் ஓர் உயிரினத்திலிருந்து முதலில் கிடைத்தது இந்த டிராபெக்டெடின். 2024-இல் வெளியான முடிவில், பழைய மருந்து மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 24 மாதத்தைத் தாண்டினார்கள், இரண்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 33 மாதத்தை. பக்கவிளைவுகள் கடுமை. ஆனாலும் இந்த நோயில் ஒன்பது மாதம் என்பது சாதாரணமில்லை. நுரையீரலில் ஒன்றிரண்டு கட்டிகள் மட்டும், அதுவும் நெடுநாள் கழித்துத் திரும்பினால், அவற்றை வெட்டி எடுத்துப் பல ஆண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு காலம் கழித்துத் திரும்பியது என்பதும் ஆயுளைச் சொல்லும் காரணிதான்.

சித்திக்குக் கீமோ தரவில்லை. மார்பு சிடி ஸ்கேனோடு கண்காணிக்கிறார்கள். தையல் இருந்த இடத்தில் தழும்பு தடித்துவிட்டது, அதைப் பற்றி இப்போதும் குறைப்படுகிறார், ஆனால் வேறு குரலில்.

எனக்குத் தெரிந்த பெண்கள் ஃபைப்ராய்டு அறுவைக்குப் போகிறேன் என்று சொன்னால் நான் சதவீதம் எதுவும் சொல்வதில்லை. எப்படி வெளியே எடுப்பீர்கள், உள்ளேயே துண்டாக்குவீர்களா, பை வைத்தா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்கிறேன். எடுத்த கட்டியை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள் என்றும் கேட்கச் சொல்கிறேன். "கட்டிதானே, பயாப்ஸி எதற்கு" என்று தூக்கிப் போட்டுவிட்ட கதைகள் எங்கள் ஆய்வகத்துக்கு மிகத் தாமதமாக வந்து சேர்ந்திருக்கின்றன. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் மாதவிலக்கு நின்றவர்களுக்கும் மார்சலேட்டர் கருவியைப் பயன்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகும் கட்டி வளர்கிறது என்றால், அதை உள்ளேயே துண்டாக்கி எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் ஸ்கேன் படங்களை வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போங்கள்.